நமத்த மக்ரூன்

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பங்குக் கோயிலை ஒட்டிய கலையரங்கத்தில், ‘நமத்த மக்ரூன்’ என்ற கிட்டார்க் குழு முதன்முதலாக மேடையேறியபோது, குடை பிடித்தும் தொப்பலாக நனைந்து வந்து உட்கார்ந்திருந்த தூத்துக்குடிக்காரர்கள் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் உச்சந்தலை முதல் உள்ளாடை வரை மொறுமொறுவென்று காய்ந்துபோனார்கள். பிழிந்தால் ஒரு குடம் தேறும் என்றிருந்த சேலைகள் கஞ்சி போட்டுத் தேய்த்தது போல விறைத்துக்கொண்டன, பிள்ளைகளின் மூக்கொழுகல் நின்றது, கூரை ஒழுகும் இடத்தில் கோயில் உபதேசியார் வைத்திருந்த வாளித் தண்ணீர் மூன்றாவது பாட்டின் பல்லவியில் காணாமல் போனது. ஜனங்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், ‘பரவாயில்லையே’ என்றார்கள், காப்பி குடிக்கப் போனார்கள்.

மேடையில் கிட்டாரோடு நின்ற லாசர் மோத்தா மட்டும் முகம் வாடி இறங்கினான். பகலெல்லாம் கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் சரக்கு விவரம் தட்டச்சு செய்துவிட்டு மாலையானால் சோகப் பாட்டு எழுதுகிறவன் அவன். ஊரார் துணியைக் காயப் போடுவதற்காக அவன் கிட்டாரைத் தொடவில்லை. சின்ன வயதில் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, கோயிலில் யாரோ பாடிய பாட்டுக்கு அவன் அம்மா சூசையம்மாள், வீடே இடிந்து விழுந்தாலும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து கூட்டக்கூடியவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான். அன்றைக்கு விழுந்த ஆசை. என் பாட்டைக் கேட்டு ஒரே ஒரு ஆளுக்குக் கண் நனைந்தால் போதும், பேர் வேண்டாம், மாலை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாலை தானாக வந்து கழுத்தில் விழுந்தால் கழற்றி எறிகிற ஆளும் இல்லை, அது வேறு விஷயம்.

குழுவில் மொத்தம் மூன்று பேர். டிரம்ஸ் அடிக்கிற இசக்கிராஜா உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிற ஒருத்தியின் மகன், கோயில் கொடைத் திருவிழாக்களில் மேளக்காரர்களின் பின்னால் திரிந்தே கை பழகியவன், நாலு பேர் பேசுகிற இடத்தில் வாயால் பேசாமல் மேசையில் தட்டிப் பதில் சொல்கிற பிறவி. பேஸ் கிட்டார் வாசிக்கிறவள் அமலி, அவள் அப்பா பேக்கரி வைத்திருந்தார். மாவு பிசைகிற கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையில்தான் இரண்டு வருஷமாக ஒத்திகை. மழைக்காலத்தில் முந்திரி மக்ரூன் பாட்டிலுக்குள் இருந்தபடியே நமத்துப்போகும், கடிக்கப் போனால் பல்லோடு ஒட்டிக்கொண்டு வரும், விற்க முடியாது. அதையெல்லாம் அமலியின் அப்பா இவர்களுக்குக் கொடுத்துவிடுவார். தின்ற நன்றிக்காகக் குழுவுக்கு அந்தப் பேரையே வைத்தார்கள்.

“கடைப் பேரைக் கெடுக்கதுக்காப் பாட்டுப் பாடுதிய?” என்று அவர் ஒரு வாரம் மகளோடு பேசாமல் இருந்தார். அதுவரை ஒத்திகையில் எதுவும் காய்ந்ததில்லை, ஆனால் மேடையேறிய அந்த ஐப்பசியிலிருந்து பாட்டிலில் இருந்த மக்ரூன் ஒன்றுகூட நமக்கவில்லை என்று தெரிந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் குழுவின் படத்தை மாட்டி, அதற்கு ஒரு சின்ன விளக்கும் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் வாளியோடு வந்தார்கள். மழை பிடித்தால் விடாத வாரம், எல்லா வீட்டிலும் துணி மக்கி நாறிக்கொண்டிருந்தது. கலையரங்கத்தில் கொடி கட்ட உபதேசியார் அனுமதி கொடுத்தார், கட்டியும் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் வத்தல் வடகக்காரர்கள் வந்தார்கள், பிறகு கருவாட்டுக்காரர்கள் வந்தார்கள், வாசனையின் பொருட்டுச் சண்டை வந்தது, பங்குச் சாமியார் தலையிட்டுத் துணிமணி முன்வரிசை, வத்தல் வடகம் நடுவரிசை, கருவாடு ஜன்னலோரம் என்று பிரித்துவிட்டார். தலைக்குக் குளித்த பெண்கள் கூந்தலை விரித்துப் போட்டு ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் மூத்திரத் துணியை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டார்கள். பாட்டு தொடங்கினால் தொண்டையும் சேர்ந்து வறளும் என்பதால் வாசலில் பன்னீர் சோடா விற்றவன் அந்த மழைக்காலத்தில் மச்சு வீடு கட்டினான்.

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிற அருளப்பன் சார் ஒருவர்தான் எழுந்து நின்று, “எல்லாம் சரி, இந்தத் தண்ணி எல்லாம் எங்க போகுது? போற தண்ணி ஒரு இடத்துக்குப் போயாகணும்லா?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். “போனா போகட்டும், உக்காருங்க சார், மறைக்குது” என்று பின்னால் இருந்து ஒரு பெண் சொன்னாள். அவர் உட்கார்ந்தார், ஆனால் மனசு ஆறவில்லை.

பாட்டுகளுக்கு லாசர் வைத்த பேர்கள் அழகானவை. ஊர் அவற்றைப் பயன்படுத்தவில்லை. வேகமான பாட்டு ‘லுங்கிப் பாட்டு’ ஆயிற்று. அலை ஓய்ந்த கடலைப் பற்றி அவன் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதியது ‘மோர்மிளகாய்ப் பாட்டு’ ஆயிற்று. அவன் உயிரைக் கொடுத்து எழுதிய, மெல்ல நகர்ந்து மெல்ல முடிகிற ஒரு பாட்டு மட்டும் ஆழமாகக் காய வைத்தது; கனமான துணிக்கு அதுதான் தோது என்று கண்டுபிடித்து, “தம்பி, அந்த ஜமுக்காளப் பாட்டு ஒருக்கா போடு” என்று எழுந்து நின்று கேட்டார்கள். அது ஒரு குடையைப் பற்றிய பாட்டு.

பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு குடை,
கத்தரிப்பூ நிறம், கைப்பிடியில் நாய்க்கடி;
மறந்துபோனவள் வருவாளென்று
மடங்காமல் நிற்கிறது.

அந்தக் குடை லாசர் வீட்டு அலமாரியின் மேல் இருந்தது. அமலியின் குடை. பெஞ்சில் விட்டுவிட்டுப் பஸ் ஏறியவளின் பின்னால் அதை எடுத்துக்கொண்டு ஓடித்தான் வந்தான். ஓடுகிறபோதே முதல் வரி வந்துவிட்டது, நின்றுவிட்டான். “ஏல, என் குடையைப் பாத்தியா?” என்று மறுநாள் அவள் கேட்டபோது, கொடுத்துவிட்டால் பாட்டு முடிந்துபோகும் என்று பயந்து, “பாக்கலியே” என்றான். பிறகு அந்தப் பாட்டையே அவள் முன்னால் வைத்துப் பாடினான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு வாசித்தாள். பேஸ் வாசிக்கிறவர்களுக்கு டிரம்ஸின் காலடி ஒன்றுதான் காதில் விழும், அதைத் தொடர்ந்து போவதுதான் அவர்கள் வேலை. பாட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். இரண்டு வருஷமாக நாய்க்கடி கைப்பிடியைக் கடந்து போய்க்கொண்டிருந்த அமலி, மழை நாளில் இன்னும் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டுதான் ஒத்திகைக்கு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாசர் அம்மாவை முதல் வரிசையில், துணிக்கொடி மறைக்காத இடத்தில் உட்கார வைத்தான். குடைப் பாட்டு தொடங்கியதும் சூசையம்மாளின் முகம் நெகிழ்ந்தது, முந்தானை மேலே எழுந்தது; லாசர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடினான். முந்தானை திரும்பவும் கீழே இறங்கிற்று. “நல்லாத்தாம்லே இருக்கு, ஆனா கண்ணு உறுத்துது, மணலள்ளிப் போட்ட கணக்கா இருக்கு” என்று வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டாள். புத்திசாலி ஒருவனுக்கு அங்கேயே விஷயம் விளங்கியிருக்கும். லாசர் கவிஞன், இரண்டாவது சரணத்தில் குறையோ என்று யோசித்துக்கொண்டு போனான்.

கோடை வந்தது, யாரும் கூப்பிடவில்லை. மாடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்கிற காலத்தில் பாட்டு எதற்கு? அந்த ஓய்வில் சென்னையிலிருந்து தாடி வைத்த தம்பி ஒருவன் கூப்பிட்டான், பஞ்சு வைத்துச் சுவர் கட்டிய அறையில் ஒவ்வொருவராக நிறுத்திப் பதிவு செய்தான், பாட்டுகள் போனில் வெளிவந்தன. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த தூத்துக்குடிக்காரர்கள் அன்றைக்கே ஈரத்துணியைப் போனுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துக் கேட்டார்கள். ‘குரல் நல்லா இருக்கு. துண்டு அப்படியேதான் இருக்கு’ என்று ஒருவர் கீழே எழுதினார். அதற்குக் கீழே எழுதியவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். தாடித் தம்பி பெருமூச்சு விட்டு, ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டான். மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்று நேரில் வாசித்தால்தான் எதுவும் காயும், ஒருவர் குறைந்தாலும் காயாது என்று அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது.

அதனால் குழுவின் மதிப்பு கூடிற்று. மறு ஐப்பசியில் மழை தொடங்கிய அன்றே உப்பளக்காரர் தனசிங் அண்ணாச்சி வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேக்கரி வாசலில் வந்து நின்றார்.

“மழை விழுந்தா உப்புக்காரன் துண்டைப் போட்டுப் படுக்கணும்னு விதியா தம்பி?” என்றார். “என் பாத்திக்கரையில வந்து பாடுங்க. ஊர் உலகமெல்லாம் கையைக் கட்டிட்டு இருக்கையில நான் உப்பு வாரணும்.”

வாரினார். கொட்டுகிற மழையில், தார்ப்பாய்க் கொட்டகையில் நின்று மூவரும் வாசிக்க, பாட்டு கேட்கிற தூரத்துக்குப் பாத்திகள் வெள்ளை வெளேரென்று பூத்தன, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளம் போனது. பெரிய பேனர் வைத்தார்கள், அதில் லாசரின் முகம் உப்பு அம்பாரத்துக்கு மேல் சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மாலை வந்தது, லாசர் கழற்றவில்லை. இசக்கிராஜாவின் அம்மா மட்டும் வாருபலகையை ஊன்றிக்கொண்டு, “மழை மாசத்துலதான் காலு புண்ணு ஆறும். பெத்த பிள்ளையே கொட்டு அடிச்சு அதையும் கெடுத்துட்டான்” என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். இசக்கிராஜா டிரம்ஸ் குச்சிகளைத் துணியில் சுற்றினான்.

அண்ணாச்சிக்குப் பாட்டுப் பிடித்திருந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பியபின் லாசரைக் கூப்பிட்டுத் தம் மனசில் இருந்ததைச் சொன்னார். “எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும் தம்பி. நம்ம கல்லறைத் தோட்டம் பள்ளத்துல கிடக்கு. மழையில செத்தவன் பெட்டி குழிக்குள்ள படகு விடுது, பாத்திருப்பே. நான் ஆயுசு பூரா உப்புல கிடந்தவன். என்னையத் தண்ணிக்குள்ள போட்டா கரைஞ்சிருவேன். நான் போற அன்னைக்கு மழை பேஞ்சா, நீங்க வந்து குழிக்கரையில நின்னு வாசிங்க.” லாசர் சிரித்துக்கொண்டே சரி என்றான். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில், நாள் கணக்கில் வானம் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது, காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை.

அவர் மனைவி செல்லக்கனி அழவில்லை. அழ நேரமில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட வேண்டியிருந்தது, காப்பி கொடுக்க வேண்டியிருந்தது, துபாயிலிருந்து வருகிற மகனுக்காக ஐஸ் பெட்டிக்குச் சொல்ல வேண்டியிருந்தது, அண்ணாச்சியின் அக்கா தங்கைமார் யார் முதலில் கட்டிப் பிடித்து அழுவது என்று தங்களுக்குள் முறைத்துக்கொண்டதைத் தீர்த்து வைக்க வேண்டியிருந்தது. குழிக்கரையில் அழுதுகொள்ளலாம் என்று நெஞ்சுக்குள்ளேயே எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். எல்லாரும் பார்க்க, வாய்விட்டு, ஆசை தீர அழ வேண்டும் என்றிருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூவரும் குழிக்கரையில் நின்று தொடங்கினார்கள். தண்ணீர் பின்வாங்கியது, குழியின் தரை தெரிந்தது, வெடிப்பு விட்டது, பெட்டி இறங்கியது. லாசர் குடைப் பாட்டை எடுத்தான். இதுவரை துணிக்கும் வடகத்துக்கும் பாடியவனுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக, அழுவதற்கென்றே வந்த கூட்டம் முன்னால் நின்றது. நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு ஓடிற்று என்பதை அவனால் மறைக்க முடியாது.

செல்லக்கனி வாயைத் திறந்தாள். குரல் வந்தது, கண்ணீர் வரவில்லை. கண்ணைக் கசக்கினாள், சிவந்தது, வரவில்லை. சுற்றி நின்ற நாத்தனார்களுக்கும் வரவில்லை; அவர்கள் விவரமானவர்கள், முகத்தை முந்தானைக்குள் புதைத்துக்கொண்டார்கள். செல்லக்கனிக்கு அது தோன்றவில்லை. வறண்ட முகத்தோடு, தாங்க முடியாத திகைப்போடு நிமிர்ந்து லாசரைப் பார்த்தாள்.

லாசருக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவின் சொட்டு மருந்தும் விளங்கிற்று. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் தண்ணீர் குழிக்குள் வரும், அண்ணாச்சிக்குக் கொடுத்த வாக்கு போகும் என்பது உண்மைதான். ஆனால் வாக்குக்காக மட்டும் அவன் பாடிக்கொண்டு போகவில்லை. கடைசிச் சரணம் பாக்கியிருந்தது, அது அவன் எழுதியதிலேயே நல்ல சரணம், இப்படி ஒரு கூட்டம் இனிக் கிடைக்காது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தான்.

மண் போட்டார்கள், கலைந்தார்கள். மாலைக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. “அத்தனை உப்பும் அவளுக்குத்தான், ஒரு சொட்டு விட்டாளா பாத்தியா?” என்றார்கள். சம்பந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். செல்லக்கனி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். யாரும் இல்லாத வீட்டில் அழலாம் என்று பார்த்தால் அப்போதும் வரவில்லை, எங்கோ வழியில் கட்டியாகிவிட்டது.

குழுவை யாரும் விரட்டவில்லை. விரட்டியிருந்தால் லாசருக்கு அதில் ஒரு பாட்டாவது கிடைத்திருக்கும். சாவு வீட்டில் வாசித்தவர்களைக் கல்யாணத் துணி காயப் போடக் கூப்பிடுவது சரியா என்று கொஞ்சம் பேர் யோசித்தார்கள், அந்த யோசனை முடிவதற்குள் தை பிறந்தது, வெயில் வந்தது, அவ்வளவுதான். கலையரங்கத்தில் கட்டியிருந்த கொடியை உபதேசியார் அவிழ்த்துச் சுருட்டினார். பேனர் ஒரு டீக்கடைக்குக் கூரையாயிற்று, லாசரின் முகம் கீழே டீ குடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இசக்கிராஜா கொச்சியில் ஒரு கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போனான். ரயிலேறும்போது ஜன்னல் கம்பியில் ஏதோ தட்டினான், அது போய்வருகிறேன் என்பதாக இருக்கலாம். அமலி கல்லாவில் உட்கார்ந்தாள். லாசர் வேலைவிட்டு வந்து, பழக்கம் விடாமல், பின்னறையில் உட்கார்ந்து கிட்டாரைத் துடைத்தான். வாசிக்கவில்லை. வாசிக்க எடுத்தால் அந்த வறண்ட முகம் வந்து முன்னால் நின்றது.

பங்குனியில், தார் ரோடு இளகுகிற ஒரு சனிக்கிழமை மத்தியானம், செல்லக்கனி பேக்கரிக்கு வந்தாள். மக்ரூன் வாங்கவில்லை. நேராகப் பின்னறைக்கு நடந்தாள். என்னவோ நடக்கப்போகிறது என்று அமலியும் எழுந்து பின்னால் வந்தாள்.

“அன்னைக்கு நீ என் மூஞ்சியைப் பாத்தே” என்றாள் செல்லக்கனி.

“பாத்தேன்க்கா.”

“பாத்துட்டும் பாடுனே.”

லாசர் தலையைக் குனிந்துகொண்டான். “கடைசிச் சரணம் நல்லா இருக்கும்க்கா, அதுக்காகத்தான் பாடுனேன். மன்னிச்சிருங்க.”

“மன்னிப்பு எனக்கு எதுக்கு? அதைக் கொண்டு போயி நான் எங்க வைக்க?” என்று அவள் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். “நாலு மாசமா இங்கன அடைச்சுட்டு நிக்கி தம்பி. சோறு இறங்க மாட்டக்கி. நீதான அடைச்சே, நீயே எடு. அந்தப் பாட்டைப் பாடு.”

“இசக்கி இல்லியேக்கா.”

“அவன் இருந்தா திரும்பவும் காஞ்சு போகும்லா. அவன் இல்லைன்னு கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.”

அமலி பேஸ் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டாள், ஆனால் தொடர்ந்து போகக் காலடிச் சத்தம் இல்லாததால் விரல் எங்கே போவதென்று தெரியாமல் கம்பிமேல் சும்மா இருந்தது. லாசர் ஒற்றைக் கிட்டாரோடு தொடங்கினான். “முனங்காம வாயைத் திறந்து பாடு” என்றாள் செல்லக்கனி. வாயைத் திறந்து பாடினான். பஸ் ஸ்டாண்டு வந்தது, குடை வந்தது, கைப்பிடி வந்தது. செல்லக்கனி சுவரைப் பார்த்துக்கொண்டு, பாட்டோடு பாட்டாக, அண்ணாச்சி எந்தக் குழம்பிலும் உப்புக் குறைவு என்றுதான் சொல்வார் என்றும், முதல் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் உப்பு லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார் என்றும், அன்றைக்குக் காலையில் இட்லி கல்லாக இருக்கிறது என்று சொன்னதுதான் அவர் கடைசியாகச் சொன்னது, அதற்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்றும் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. முதல் சொட்டு மாவு மூட்டையில் விழுந்தது.

லாசரின் விரல் நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்துத?” என்று அவள் அழுதுகொண்டே அதட்டினாள். “அன்னைக்கு நிறுத்துனியா? பாடு!”

பாடினான். அவள் வாய்விட்டு, நெஞ்சிலடித்து, எல்லாரும் பார்க்க அழ வேண்டும் என்று வைத்திருந்தது அத்தனையையும் இரண்டே பேர் பார்க்க அழுதாள். அப்போது வெளியே, மேகம் ஒன்றுகூட இல்லாத வானத்தின் கீழே, மொட்டை மாடிகளில் சருகாகக் கிடந்த துணிகள் சொட்டத் தொடங்கின. வடகம் கூழாயிற்று. வலையோடு கருவாடு கனத்துத் தொங்கியது, அதில் இரண்டு மூன்று துள்ளியதாகவும் சொல்வார்கள். பீரோவுக்குள் மடித்து வைத்திருந்த பட்டுச் சேலைகள் நனைந்தன, அம்பாரங்கள் வியர்த்து இறங்கின, பேக்கரி அலமாரியில் அத்தனை பாட்டில் மக்ரூனும் ஒரே நேரத்தில் நமத்தது. இரண்டு மழைக்காலமாக ஊரில் காணாமல் போன தண்ணீர் முழுக்க அததன் இடத்துக்குத் திரும்பி வந்தது. “வந்துட்டு! நான் கேட்டம்லா, வந்துட்டு!” என்று அருளப்பன் சார் நனைந்த வேட்டியோடு தெருவில் குதித்துக்கொண்டு ஓடினார். பாவம், அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

யார் வேலை இது என்று ஊருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிழிந்தால் குடம் நிறைகிற ஜமுக்காளத்தோடும் கூழான வடகத் தட்டோடும் ஜனங்கள் பேக்கரிக்கு வந்தார்கள், சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். அண்ணாச்சியின் தங்கைமாரும் வந்தார்கள், சூசையம்மாளும் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் பின்னறை வாசலில் செல்லக்கனி அழுவதைப் பார்த்தார்கள். தாலி இழந்தவள் அழுகிற இடத்தில் நின்று வடகத்தைப் பற்றிச் சத்தம் போட யாருக்கும் வாய் வரவில்லை. சும்மா நின்றார்கள். சும்மா நின்றதால், காய வைக்கக் கையில் எதுவும் இல்லாததால், வேறு வழியில்லாமல் பாட்டைக் கேட்டார்கள்.

மழை விட்டு நாளாச்சு,
குடையும் காய்ஞ்சாச்சு;
கூட நனைஞ்ச ஆளு மட்டும்
வீடு வந்து சேரலையே.

நாத்தனார்மார் முந்தானைக்குள் முகத்தைப் புதைக்கவில்லை, திறந்த முகத்தோடே அழுதார்கள், ஒருத்தி போய் செல்லக்கனியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அமலியின் அப்பா நமத்த மக்ரூன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பினார். சூசையம்மாளின் முந்தானை மேலே போனது, கீழே இறங்கவில்லை. ஒரே ஒரு கண் நனையாதா என்று ஏங்கிக் கிடந்தவனுக்கு அன்றைக்கு வாசல் நிறையக் கண்கள். அவற்றில் ஒன்றைக்கூட லாசர் பார்க்கவில்லை. அவன் கண்ணில் நிறைந்து நின்ற தண்ணீருக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளையாகக் கலங்கித் தெரிந்தது.

கடைசி வரியும் முடிந்து, கிட்டார்க் கம்பி அடங்கி, ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றபோது, மாவு மூட்டைக்குப் பக்கத்தில் வாசிக்காத பேஸ் கிட்டாரைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த அமலி, கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஏல லாசரு, அது என் குடைதான?”